மிச்சிகன் வாரம்: நம்பர் ஒன் அணிக்கு ஏன் இந்த நடுக்கம்?

கேள்வி இது: "மகள் ஆகஸ்டில் கொலம்பஸ் போய் ஓஹாயோ ஸ்டேட்டில் எம்.எஸ். சேர்ந்தாள். இந்த வாரம் போன் பண்ணினால் படிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. கேம்பஸ் முழுக்க 'எம்' என்கிற எழுத்தின் மேலெல்லாம் சிவப்பு டேப்பைக் குறுக்கே ஒட்டி மறைத்திருக்கிறார்களாம். சனிக்கிழமை மிச்சிகனோடு மேட்ச், நாம்தான் நாட்டிலேயே நம்பர் ஒன், ஆனாலும் எல்லாரும் பயந்து கிடக்கிறார்கள் என்கிறாள். இது என்ன கூத்து? நம்பர் ஒன் என்றால் ஜெயிக்க வேண்டியதுதானே?"

அண்ணாச்சி, நான் கொலம்பஸில் பதினைந்து வருஷமாகக் குடியிருக்கிறவன், அதே காலேஜில் படித்தவன். நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 2025 நவம்பர் 29 சனிக்கிழமை ஓஹாயோ ஸ்டேட் ஜெயிக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இதைப் போன வருஷமும் சொன்னேன். அதற்கு முந்தின வருஷமும் சொன்னேன்.

இது நம் ஊரில் காலால் உதைத்து ஆடும் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவது, இல்லையென்றால் எறிந்து பிடிப்பது. பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 பாயிண்ட், கூட ஒரு உதைக்கு 1. தாண்ட முடியாமல் தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டால் ஃபீல்ட் கோல், 3 பாயிண்ட். இவ்வளவு போதும்.

இனி பகை. 1835ல் டொலீடோ என்கிற ஊர் யாருக்கு என்று ஓஹாயோவும் மிச்சிகனும் படை திரட்டிக்கொண்டு எல்லையில் போய் நின்றன. உயிர்ச் சேதம் இல்லாத சண்டைதான். கடைசியில் டொலீடோ ஓஹாயோவுக்கு, ஈடாக வடக்கே பெரிய காட்டு நிலம் மிச்சிகனுக்கு. வரப்புத் தகராறு தீர்ந்த பிறகும் பங்காளிகள் பேசிக்கொள்ளாமல் இருப்பார்கள் இல்லையா, அப்படி. 1897ல் முதல் மேட்ச். மிச்சிகன் 34, ஓஹாயோ ஸ்டேட் 0. 2024 வரை நடந்ததில் மிச்சிகன் 62 வெற்றி, நாங்கள் 51, டிரா 6. எங்கள் ஊர்க்காரர்கள் மிச்சிகன் என்ற பெயரைக்கூடச் சொல்லாமல் "அந்த வடக்கத்தி டீம்" என்பார்கள். டேப் ஒட்டுவதும் அதே வகைதான். நான் வந்த முதல் வருஷம் லைப்ரரிப் பெயர்ப் பலகையில் ஒரு எழுத்து மட்டும் மறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ரிப்பேர் வேலை நடக்கிறது என்று நினைத்தேன்.

சரி, பயத்துக்கு வருவோம்.

2021லிருந்து வரிசையாக நான்கு வருஷம் மிச்சிகனிடம் தோற்றிருக்கிறோம். 42-27, 45-23, 30-24, 13-10. எங்கள் கோச் ரையன் டே மொத்தத்தில் 81 மேட்ச் ஜெயித்து 10 மட்டும்தான் தோற்றிருக்கிறார். அந்தப் பத்தில் நாலு மிச்சிகனிடம். ஒரே ஒரு தடவை, 2019ல், 56-27 என்று ஜெயித்தார். 2020ல் கொரோனாவால் மேட்சே நடக்கவில்லை. மிச்சிகனை ஜெயித்தால் ஆட்டக்காரர்களுக்குத் தங்க நிறத்தில் குட்டிக் கால்சட்டை மாதிரி ஒரு பதக்கம் கொடுப்பது 1934லிருந்து வழக்கம். 2019க்குப் பிறகு அது யாருக்கும் கிடைக்கவில்லை.

இதில் போன வருஷத்துத் தோல்விதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. 2024 நவம்பர் 30, எங்கள் சொந்த மைதானம். நாங்கள் நாட்டில் இரண்டாம் இடம். மிச்சிகன் 6 வெற்றி, 5 தோல்வி என்று தள்ளாடிக்கொண்டு வந்தது. அவர்களின் நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் காயத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஓஹாயோ ஸ்டேட் இருபது பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். நான் தெற்குப் பக்கத்து மேல் வரிசையில் இருந்தேன். உறைநிலைக்குக் கீழே குளிர். இரண்டு பாக்கெட்டிலும் சூடு தரும் பொட்டலம், காலில் மூன்று சாக்ஸ்.

நடந்தது என்ன தெரியுமா? எங்களிடம் நாட்டிலேயே சிறந்த பந்து பிடிப்பவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு எறிவதை விட்டுவிட்டு, மிச்சிகனின் பலம் எங்கே இருக்கிறதோ அதே நடுப்பகுதியில் போய்த் திரும்பத் திரும்ப முட்டினோம். அங்கே மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்று இரண்டு மலைகள் நின்றன. சில மாதங்களில் இருவரும் என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீகுக்கு ஆள் எடுக்கும் தேர்வின் முதல் சுற்றிலேயே போனவர்கள். சுவரில் தலையை முட்டினால் சுவருக்கா வலிக்கும்? 26 தடவை ஓடி 77 யார்டு. அவர்கள் 172. அவர்களின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவர், மொத்தம் எறிந்து எடுத்தது வெறும் 62 யார்டு. அதை வைத்துக்கொண்டே ஜெயித்தார்கள். எங்கள் உதைப்பவர் ஜேடன் ஃபீல்டிங் இரண்டு ஃபீல்ட் கோலைத் தவறவிட்டார். 45 விநாடி பாக்கி இருக்கும்போது அவர்களின் டாமினிக் ஸ்வாடா 21 யார்டிலிருந்து உதைத்து 13-10 ஆக்கினார்.

அந்த உதைக்குப் பிறகு ஒரு லட்சம் பேர் இருக்கிற இடத்தில் எனக்குக் கேட்டது, இரண்டு வரிசை கீழே ஒரு குழந்தை "முடிஞ்சிடுச்சா?" என்று இங்கிலீஷில் அப்பாவைக் கேட்டதுதான். அவர் பதில் சொல்லவில்லை. அப்புறம் மிச்சிகன்காரர்கள் எங்கள் மைதானத்தின் நட்டநடுவில் அவர்கள் கொடியை நட வந்தார்கள், தள்ளுமுள்ளு, போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்தது. இரண்டு காலேஜுக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம் விழுந்தது.

இதில் வேடிக்கை, அதே அணிதான் ஏழு வாரம் கழித்து நேஷனல் சாம்பியன். டென்னசி, ஆரெகான், டெக்சாஸ், கடைசியில் நோட்டர் டேம், எல்லாரையும் வரிசையாகச் சாய்த்து 2025 ஜனவரி 20ல் கோப்பையைத் தூக்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே பந்தை உயரே எறிய ஆரம்பித்துவிட்டார்கள். மிச்சிகனிடம் மட்டும் ஏன் அதைச் செய்யவில்லை? எனக்குத் தெரிந்த ஒரே விளக்கம் ரோஷம். 2021ல் மிச்சிகன் காலேஜ் இருக்கும் ஆன் ஆர்பர் ஊரில், பனியில் அவர்கள் 297 யார்டு ஓடி, நாங்கள் 64 மட்டும் ஓடி, எங்கள் ஆட்களை "மென்மையானவர்கள்" என்று உலகமே சொன்ன நாளிலிருந்து, நாங்களும் முரடர்கள்தான் என்று மிச்சிகனுக்கு நிரூபித்துக் காட்டுகிற வெறி ரையன் டேக்குப் பிடித்துவிட்டது. நிரூபிக்கப் போகிறவன் தன் ஆட்டத்தை ஆட மாட்டான், எதிராளி ஆட்டத்தை ஆடுவான். நாலு வருஷத் தோல்வியில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி.

இன்னொரு கட்சியும் இருக்கிறது. எதிரணி கோச்கள் ஆட்டக்காரர்களுக்குக் காட்டும் சைகைகளை மிச்சிகன் கள்ளத்தனமாகப் படமெடுத்துத் திருடியது, அதனால்தான் ஜெயித்தார்கள் என்பார்கள். திருடியது உண்மை, தண்டனையும் வாங்கினார்கள். ஆனால் அந்த வேலையைச் செய்த ஆள் 2023 சீசன் பாதியிலேயே வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகும் இரண்டு தடவை தோற்றோம். 2024க்கு யாரைக் குற்றம் சொல்வது? எனக்கு அந்த வாதத்தில் ருசி இல்லை.

வயதான ரசிகர்களுக்கு இதைவிடப் பழைய காயம் ஒன்று உண்டு. சரியாக முப்பது வருஷத்துக்கு முன்னால், 1995 நவம்பரில், இதே மாதிரி 11 ஆட்டத்தில் 11 வெற்றியோடு ஓஹாயோ ஸ்டேட் ஆன் ஆர்பர் போனது. எடி ஜார்ஜ் இருந்த அணி. அந்த வருஷம் ஹைஸ்மன் விருது, அதாவது காலேஜ் ஃபுட்பாலில் சிறந்த ஆட்டக்காரர் என்கிற விருது, வாங்கியவர். எதிரே டிம் பியாகபுடூகா என்கிற மிச்சிகன் ஓட்டக்காரர். அன்றைக்கு அவர் ஒருத்தரே 313 யார்டு ஓடினார். 31-23, தோல்வி. மறு வருஷம் 10 வெற்றியோடு சொந்த ஊரில் ஆடி 13-9ல் தோல்வி. அப்போதைய கோச் ஜான் கூப்பர் மற்ற எல்லாரையும் ஜெயிப்பார், மிச்சிகனோடு 13 ஆட்டத்தில் 2 மட்டும்தான் ஜெயித்தார். கூப்பர் என்றாலே கொலம்பஸில் இன்றைக்கும் முதலில் அந்த 13ல் 2தான் ஞாபகத்துக்கு வரும். இப்போது 11-0, மறுபடி ஆன் ஆர்பர். உங்கள் மகளின் புரொஃபசர்களுக்கு ஐம்பது வயசுக்கு மேல் என்றால் அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

இந்த வருஷத்து அணியைப் பார்ப்போம். டிஃபன்ஸ்தான் இதன் உயிர். 11 ஆட்டத்தில் மொத்தம் விட்டுக்கொடுத்தது 84 பாயிண்ட். ஒரு ஆட்டத்துக்கு எட்டுகூட இல்லை. அதிகபட்சமே இலினாய் எடுத்த 16தான். இரண்டு அணிகளுக்கு முட்டை. கேலப் டவுன்ஸ் என்று பின்வரிசையில் ஒருத்தர் இருக்கிறார். பந்து எங்கே போகப்போகிறது என்று பந்தை எறிகிறவனுக்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும் போல. மேட்ச் பார்த்தால் அவரை மட்டும் ஐந்து நிமிஷம் பாருங்கள். டிஃபன்ஸை நடத்துகிறவர் மேட் பட்ரிஷியா. மிச்சிகன் மாநிலத்துக்குள்ளேயே இருக்கும் டெட்ராய்ட் லயன்ஸ் என்கிற என்எஃப்எல் அணிக்கு ஹெட் கோச்சாக இருந்து மூன்றாவது வருஷம் பாதியில் துரத்தப்பட்டவர். அவரை எடுத்தபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன். வாயைக் கழுவிக்கொள்கிறேன்.

ஆஃபன்ஸில் குவார்ட்டர்பேக் ஜூலியன் சேயின். எறிகிற பத்தில் ஏறக்குறைய எட்டு போய்ச் சேருகிறது. பிடிப்பதற்கு ஜெரமையா ஸ்மித், கார்னெல் டேட். இவர்கள் இருவருமே காயத்தால் கடைசி ஆட்டத்தில் இறங்கவில்லை. ரட்கர்ஸை அவர்கள் இல்லாமலே 42-9 என்று முடித்தோம். சனிக்கிழமை இரண்டு பேரும் இறங்குவார்கள் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. இறங்கினாலும் முழு வேகத்தில் ஓடுவார்களா என்பதுதான் என் கவலை.

பின்னால் ஓடுவதற்கு போ ஜாக்சன் என்று முதல் வருஷப் பையன். அந்தப் பெயரில் எண்பதுகளில் ஒரு ஜாம்பவான் இருந்தார், அவர் வேறே. 

என் சந்தேகம் வேறு இடத்தில். முதல் ஆட்டத்தில் டெக்சாஸை 14-7 என்று தட்டுத்தடுமாறி ஜெயித்ததோடு சரி. அதற்குப் பிறகு பத்து ஆட்டமும் குறைந்தது 18 பாயிண்ட் வித்தியாசம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடைசி ஐந்து நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடுகிற நிலைமையை இந்தப் பையன்கள் ஆகஸ்டுக்குப் பிறகு பார்க்கவே இல்லை. சேயின் கலிஃபோர்னியாவில் கடற்கரை ஊர்ப் பையன். சனிக்கிழமை ஆன் ஆர்பரில் பனி பெய்யும் என்கிறார்கள்.

மறுபக்கம், மிச்சிகன் 9 வெற்றி, 2 தோல்வி. ஓக்லஹாமாவிடம் 24-13, யுஎஸ்சியிடம் 31-13. அவர்களின் குவார்ட்டர்பேக் பிரைஸ் அண்டர்வுட் முதல் வருஷப் பையன், ஆன் ஆர்பருக்குப் பக்கத்து ஊர். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்களில் நாட்டிலேயே நம்பர் ஒன் என்று பெயர் வாங்கியவன். ஆள் வாட்டசாட்டம், கை பலம், காலிலும் ஓட்டம். ஆனால் நெருக்கினால் பந்தை எங்கேயாவது எறிகிறான். நார்த்வெஸ்டர்னை 24-22 என்று கடைசி உதையில்தான் தாண்டினார்கள். முதன்மை ஓட்டக்காரர் ஜஸ்டிஸ் ஹேன்ஸ் காயத்தோடு வெளியே. அடுத்தவர் ஜோர்டன் மார்ஷலுக்குத் தோளில் அடி, மேரிலாண்ட் ஆட்டத்தில் அவரும் இல்லை. எனக்கு நம்பிக்கை வருவது இங்கேதான். இந்த மேட்சை மிச்சிகன் ஜெயிப்பது எப்போதும் ஒரே வழியில்: முன்வரிசை தள்ளும், ஓட்டக்காரர் ஓடுவார், கடிகாரம் கரையும், எதிராளி வெளியே உட்கார்ந்து குளிரில் விறைப்பான். தள்ளுவதற்கு ஆள் இருந்தாலும் ஓடுவதற்கு ஆள் நொண்டினால் அந்தச் சூத்திரம் பாதியில் நிற்கும். அப்போது பதினெட்டு வயசுப் பையன் கேலப் டவுன்ஸ் இருக்கும் பக்கம் எறிந்தாக வேண்டும். அது எனக்குச் சம்மதம்.

கிரஹாமும் கிராண்டும் போய்விட்டார்கள் என்பது இன்னொரு ஆறுதல். இப்போது இருக்கிறவர்கள் மோசமில்லை, ஆனால் மலை இல்லை.

மிச்சிகனின் மைதானமும் சும்மா விடாது. பிக் ஹவுஸ் என்பார்கள், 1,07,601 பேர் உட்காரலாம், அமெரிக்காவிலேயே பெரியது. தரையைத் தோண்டிக் கிண்ணம் மாதிரி கட்டியது என்பதால் வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவுதானா என்று இருக்கும். உள்ளே போனால்தான் பள்ளம் தெரியும். 1969ல் இருபத்திரண்டு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்த நம்பர் ஒன் ஓஹாயோ ஸ்டேட் அந்தப் பள்ளத்தில்தான் 24-12 என்று விழுந்தது. வீழ்த்தியவர் போ ஷெம்பெக்லர். எங்கள் பெரிய கோச் வுடி ஹேஸிடமே ஆடி, அவரிடமே உதவியாளராக வேலை பார்த்து, அந்த வருஷம்தான் மிச்சிகனுக்கு வந்தவர். குருவுக்கும் சிஷ்யனுக்கும் பத்து வருஷம் சண்டை நடந்தது. கணக்கு சிஷ்யன் பக்கம் 5-4, ஒரு டிரா. அதைப் பற்றி எழுதினால் விடிந்துவிடும்.

நீங்கள் ராத்திரி முழித்து மேட்ச் பார்க்கிறதாக இருந்தால், ஸ்கோரைப் பார்க்காமல் ஒன்றைக் கவனியுங்கள். ஓஹாயோ ஸ்டேட் கைக்குப் பந்து வந்த முதல் இரண்டு தடவையும், நான்கு வாய்ப்பில் முதலாவதை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். சேயின் எறிந்தால், அது பிடிபடாவிட்டால்கூட, ரையன் டேக்குப் புத்தி வந்துவிட்டது என்று அர்த்தம். நடுவில் போய் முட்டினால், அதிலும் மூன்று தடவை தொடர்ந்து முட்டினால், பயப்பட ஆரம்பியுங்கள். பனியைச் சாக்காக வைத்து மறுபடி ரோஷத்துக்குப் போய்விடுவாரோ என்பதுதான் எனக்கு இந்த வாரம் தூக்கத்தைக் கெடுக்கிறது. குட்டையாக, சட்டென்று எறிவதற்குப் பனி தடை இல்லை. சொல்லப்போனால் வழுக்குகிற தரையில் துரத்துகிறவனுக்குத்தான் கஷ்டம், ஓடுகிறவனுக்கு எங்கே திரும்பப் போகிறோம் என்று தெரியும்.

அப்புறம், ஃபீல்ட் கோல். ஃபீல்டிங் இந்த வருஷமும் எங்களுக்கு உதைக்கிறார், ஸ்வாடா அவர்களுக்கு உதைக்கிறார். ஆட்டம் அவர்கள் இருவர் காலுக்குப் போகாமல் முடிய வேண்டும் என்று என் மனைவி வேண்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஃபுட்பால் பிடிக்காது, தோற்றால் என் முகத்தை ஒரு வாரம் பார்க்க முடியாது என்பதால்தான் இந்த வேண்டுதல்.

தோற்றால் உலகம் மூழ்காது என்பதையும் சொல்ல வேண்டும். இப்போது நேஷனல் சாம்பியன் யார் என்று முடிவு செய்ய பன்னிரண்டு அணி பிளேஆஃப் இருக்கிறது. ஒரு தோல்வியோடும் நாங்கள் உள்ளே போய்விடுவோம். மிச்சிகனுக்குத்தான் இது வாழ்வா சாவா. நாங்கள் ஜெயித்தால் டிசம்பர் 6ல் இண்டியானாபொலிஸில் பிக் டென், அதாவது நாங்களும் மிச்சிகனும் இருக்கிற லீகின், இறுதியாட்டம். கணக்குப்படி பார்த்தால் அதுதான் பெரிய மேட்ச். கணக்குப்படி யார் பார்க்கிறார்கள்? போன வருஷம் சாம்பியன் ஆன பிறகும் என் பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "ஆனாலும் மிச்சிகனிடம் தோற்றோமே" என்பதுதான்.

ஸ்கோர் கேட்டால்: ஓஹாயோ ஸ்டேட் 24, மிச்சிகன் 13. முதல் பாதி நெருக்கமாக இருக்கும். மூன்றாவது கால்பகுதியில் ஸ்மித்தோ டேட்டோ ஒரு நீளமான பந்தைப் பிடிப்பார்கள், அங்கிருந்து விலகும். அண்டர்வுட் ஒன்றிரண்டு பந்தைப் பறிகொடுப்பான். டே நடுவில் முட்டுகிற பழைய பாதைக்குப் போனால் இந்தப் பத்தியைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

மேட்ச் இங்கே பகல் பன்னிரண்டு, உங்களுக்கு ராத்திரி பத்தரை. முடியும்போது விடியற்காலை இரண்டு மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் மகளுக்குப் போன் போடாதீர்கள், எடுக்க மாட்டாள். முடிந்ததும் அவளே கூப்பிட்டால் நாங்கள் ஜெயித்துவிட்டோம். கூப்பிடவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீங்களே கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள்.